மஞ்சள் ஏறிய நாற்பத்தைந்து

எங்கள் அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. இரண்டும் லைசென்ஸ் உள்ளவை, இரண்டும் ஆனை மாதிரி பெரியவை, இரண்டாலும் இதுவரை ஒரு கொசுகூடச் செத்ததில்லை. அதில் ஒன்றை விற்றாக வேண்டும். எதை விற்பது என்று அவர் முடிவு செய்கிறவரைக்கும் என் மகளுக்குப் பிரசவம் ஆகக் கூடாது. உலகத்தில் வேறு யாருக்காவது இப்படியொரு ஜாதகம் அமைந்திருந்தால் சொல்லுங்கள், வீடு தேடி வந்து கும்பிடுகிறேன்.

நான் பத்மா. ஊர் கோயமுத்தூர். அஜ்மானில், கார் நிறுத்துகிற இடங்களுக்கு நிழற்கூரை போடும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக ஆபீஸ் மேனேஜர். மேனேஜர் என்றால் டீ போடுவதைத் தவிர மற்ற எல்லாம். டீயும் சில நாள் உண்டு. குடியிருப்பது துபாய் கராமாவில். காலையில் ஊரே அஜ்மானிலிருந்து துபாய்க்கு வேலைக்கு ஓடும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் போவேன். ரோடு காலியாக இருக்கும். ஆண்டவன் எனக்குக் கொடுத்த ஒரே சலுகை அதுதான்.

ஆபீஸ் இருப்பது அர்பாபின் வில்லாவின் முன்கட்டில். உள்ளே வீடு, வெளியே நாங்கள். நடுவில் ஒரு கதவு. அர்பாபின் பெயரை விடுங்கள், மூத்த மகன் ஹானியின் பெயரைச் சேர்த்து எல்லோரும் அவரை அபு ஹானி என்பார்கள், அவர் மனைவியை உம்மு ஹானி என்பார்கள். நல்ல மனுஷன். சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும், குரலை உயர்த்த மாட்டார், ரமலானில் எங்களுக்கும் சேர்த்துப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். ஒரே ஒரு குறை. அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. முடிவு செய்ய வேண்டிய காகிதம் எது வந்தாலும், "பெட்டியில் வை" என்பார். பெட்டி என்றால் என் மேஜைக்குப் பின்னால் சுவரோடு நிற்கும் இரும்புப் பெட்டகம். செக் புத்தகம், குத்தகைப் பத்திரம், எங்களுக்கு ஆளுக்கொரு ஃபைல், எல்லாம் அதற்குள்தான். மேல் தட்டில் வெல்வெட் துணியில் சுற்றி அந்த இரண்டு ரிவால்வர்கள். பெட்டிக்குள் போன காகிதம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட புது ஏசிக்கான மனு இன்னும் அங்கேதான் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

நவம்பர் மூன்றாம் தேதி காலையில் நான் லீவு லெட்டரோடு அவர் முன்னால் போய் நின்றேன். என் மகள் ரக்ஷிதாவுக்குத் தலைப்பிரசவம். இருபத்தெட்டாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், ஜனவரியில்தான் கரையேறுவார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அதன்படி பெண் கோயமுத்தூரில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே தாய்தான் இல்லை. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன என் வீட்டுக்காரர் கல்யாணசுந்தரம் இருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணிக்குத் துணையாக, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று துபாய்க்குப் போன் போட்டுக் கேட்கிற ஒரு மனிதர்.

அர்பாப் லெட்டரை வாங்கினார். படித்தாரா என்று தெரியவில்லை. "உன் ஃபைலில், பெட்டியில் வைக்கிறேன். முதலில் இதைப் பார்" என்றார். அவர் என்னிடம் பேசுவது இந்தி. அதை இந்தி என்று எந்த இந்திக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். என் இந்தியும் அதே ரகம் என்பதால் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை. அவர் பேச்சை இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

மேஜைமேல் இரண்டு ரிவால்வர்களையும் வைத்தார்.

"உம்மு ஹானி சொல்லிவிட்டாள். பேரன்கள் இங்கேயே வந்து இருக்கப் போகிறார்கள். வீட்டில் ஒன்று இருக்கலாம், இரண்டு கூடாதாம். எதைக் கொடுக்கலாம்?"

நான் கோயமுத்தூரில் பி.காம். படித்தவள். ரிவால்வர் என்கிற சாமானை சினிமாவில் வில்லன் கையில்தான் பார்த்திருக்கிறேன். என்னிடம் கேட்கிறார்.

குண்டின் அளவை வைத்து ஒன்றுக்கு நாற்பத்துநாலு என்று பெயர். வெள்ளிபோல் பளபளக்கும், கறுப்பு ரப்பர் பிடி, முழ நீளக் குழல். முதல் பெரிய டெண்டர் கிடைத்த வருடம் அவரே ஆசைப்பட்டு வாங்கியது. இன்னொன்று நாற்பத்தைந்து. கருநீல இரும்பு, ஒட்டக எலும்பில் கடைந்த பிடி. அவருடைய அப்பா விட்டுப்போனது. அந்த எலும்புப் பிடியைப் பற்றி அர்பாபுக்குத் தாங்க முடியாத பெருமை. "பார், வெள்ளையாக இருந்தது, வருடா வருடம் பொன்னாக மாறுகிறது. நல்ல எலும்பு இப்படித்தான் பழுக்கும். என் அப்பாவின் துவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். அவர்களும் மாஷா அல்லாஹ் என்பார்கள்.

அது அப்பாவின் துவா இல்லை. ஈரோட்டு மஞ்சள்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு சைட்டில் வெல்டிங் மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒருமுறை அர்பாப் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்ஷன் முடிந்ததற்கு அடையாளம் என்று நினைத்து, "சேஃப்டி விஷயத்தில் பத்மா ரொம்ப கரெக்ட்" என்று பாராட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆபீசில் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஸ்டேப்ளருக்கும் நானே வைப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், பொரி வாங்க வந்த வெல்டர் மாயாண்டி வாசலில் நின்றுகொண்டு கேட்டான்:

"ஏன் மேடம், ஆயுத பூஜைன்னுட்டு ஸ்டேப்ளருக்குப் பொட்டு வக்கிறீங்க. நெசமான ஆயுதம் ரெண்டு உள்ள கெடக்காம்ல? அதுக்கு வக்கலேன்னா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

மாயாண்டிக்கு ராமநாதபுரம் பக்கம். ஆத்தா என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா? அர்பாப் அன்றைக்குப் பண்ணையில் இருந்தார். பெட்டியைத் திறந்தேன். ஊரில் காய வைத்து அரைத்துக் கொண்டுவந்த மஞ்சளைச் சந்தனத்தில் குழைத்து, மோதிர விரலால் இரண்டுக்கும் ஒரு பூச்சு, நடுவில் குங்குமம். சாயங்காலம் துடைத்துவிட்டேன். ரப்பர் பிடி சொன்னபடி கேட்டது. எலும்பு கேட்கவில்லை. லேசாக மஞ்சள் தங்கிவிட்டது. அடுத்த வருடம் வைக்காமல் விட்டுவிடலாம் என்றால், ஒரு வருடம் வைத்ததை மறு வருடம் நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயம். இப்படிப் பதினோரு வருடம். ஒட்டகத்தின் எலும்பு முகூர்த்தத்துக்கு நிற்கிற கல்யாணப் பெண் கணக்காக ஆகிவிட்டது.

லீவு லெட்டர் கொடுத்த அன்றைக்கு மத்தியானமே ஜாபர் சாதிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜாபர் கீழக்கரைக்காரர், எங்கள் ஆபீசின் அரசாங்க வேலைகளையெல்லாம் பார்ப்பவர், சட்டம் அத்தனையும் தன் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பவர். கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னக்கா இப்படிப் பண்ணி வச்சிருக்கிய? அது லைசென்ஸ் ஆயுதம்க்கா. அடுத்தவுக தொடவே கூடாது. வாங்க வர்றவன் சும்மா வருவானா? செக் பண்றதுக்கு ஆள் கூட்டிட்டு வருவான். யாரு தொட்டா, எப்பத் தொட்டான்னு கெளம்புச்சுன்னு வைங்க... கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. ஊருக்குத்தான் போவிய. ஆனா லீவுல இல்ல."

அன்றோடு என் சாவியை மேஜை டிராயரின் அடியில், மஞ்சள் டப்பாவுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இனிமேல் அந்தப் பெட்டியின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு. செக் புத்தகம் வேண்டுமென்றால், "அர்பாப், எனக்குக் கை வலி, நீங்களே திறந்து கொடுங்க" என்பேன். பாவம், அவரும் எழுந்து வந்து திறந்து கொடுப்பார். ஒரு தடவை கைக்குத் தைலம்கூடக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. தினமும் காலை பத்து மணிக்கு ரிவால்வர்கள் மேஜைக்கு வரும். எனக்கு ஒரு எக்செல் ஷீட் போடச் சொன்னார். கனம், சத்தம், குறி, உதை, அழகு, ஞாபகம் என்று பத்தி பத்தியாக. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மார்க். கனத்தில் நாற்பத்துநாலு ஜெயித்தது. அழகில் நாற்பத்தைந்து. சுடும்போது எப்படி உதைக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கி கிளப்புக்குப் போனார். மறுநாள் வலது மணிக்கட்டில் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"நாற்பத்துநாலு கழுதை மாதிரி உதைக்கிறது. நாற்பத்தைந்து மரியாதையாகத் தள்ளுகிறது."

"அப்ப நாற்பத்துநாலைக் குடுத்துடலாமுங்களா?"

"ஏன்? உதைக்கிறது என்றால் பலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு முப்பத்தேழு மார்க். அந்த இரண்டு சனியன்களும் பேசிவைத்துக்கொண்டு படித்திருக்கும் போல. உதைக்கு இன்னும் அரை மார்க் கூட்டலாமா என்று ஒரு முழு வியாழக்கிழமை யோசித்தோம்.

நடுநடுவே நான் கேட்பேன். "அர்பாப், என் லீவு லெட்டர்?"

"பெட்டியில் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது. முதலில் இதைச் சொல்."

பெட்டியில் இருக்கிறதாம்! அந்த ஏசி மனுவும்தான் பெட்டியில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்காருவேன். இந்தத் துப்பாக்கிப் பஞ்சாயத்து முடிகிறவரைக்கும் இந்த மனுஷன் பேனாவைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட்டும் விசா புதுப்பித்து வந்ததிலிருந்து அதே ஃபைலில், அதே பெட்டிக்குள். தினமும் காலையில் அவர் பெட்டியைத் திறக்கும்போது எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் மனசுக்குள் சொல்லித் தீர்ப்பேன். எனக்கு நிறையத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் ரக்ஷிதா போன் செய்வாள்.

"ம்மா, டிக்கெட் போட்டியா?"

"போட்டுருவேன் கண்ணு. அந்த ஆளு இன்னும் கையெழுத்துப் போடுல."

"ஒரு கையெழுத்துக்கு இத்தன நாளா? அப்பா இன்னைக்கு எனக்கு உப்புமா கிண்டுனாரும்மா. நெஜமாவே அழுதுட்டேன். நீ சீக்கிரம் வாம்மா. எனக்கு பயமா இருக்கு."

இதைக் கேட்டுவிட்டு மறுநாள் போய் ஒட்டக எலும்புக்கு அழகில் எட்டரையா ஒன்பதா என்று யோசிக்க வேண்டும்.

பதினேழாம் தேதி நான் ஒரு வேலை செய்தேன். பதினோரு வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை அது. அர்பாப் என்னிடம் யோசனை கேட்பார், கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிராகச் செய்வார். சோபா பழுப்பு என்றேன், நீலம் வாங்கினார். ஜெனரேட்டர் பெரிது வேண்டாம் என்றேன், ஒரு கிராமத்துக்கே வெளிச்சம் போடுகிற மாதிரி வாங்கினார். இப்போது எனக்கு வேண்டியது என்ன? நாற்பத்தைந்து இந்த வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, வேறு ஆள் கையில் படக் கூடாது. ஆகவே நேராகப் போய் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன்.

"நாற்பத்தஞ்சக் குடுத்துடுங்க அர்பாப். பழசு. யோசிக்காதீங்க."

அவர் அந்த நீல சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நேற்று உம்மு ஹானி ஒன்று சொன்னாள். பத்மா சொல்வது எப்போதும் சரியாக இருக்கிறது, நீதான் ஒருநாளும் கேட்பதில்லை என்றாள். சோபாவைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இந்தத் தடவை கேட்கிறேன். கலாஸ். நாற்பத்தைந்தைக் கொடுத்துவிடலாம்."

அடப்பாவி மனுஷா! பதினோரு வருடம் காதில் பஞ்சு வைத்திருந்துவிட்டு எடுக்கிறதற்கு இந்த நாள்தானா கிடைத்தது? "இல்லைங்க அர்பாப், உங்கப்பா ஞாபகம்..." என்று இழுத்தேன். "நீ என் மனசுக்காகச் சொல்கிறாய். வேண்டாம். முடிவு முடிவுதான்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவு எடுத்த சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். என் பங்கை ஜாபரிடம் தள்ளினேன்.

பத்தொன்பதாம் தேதி காலை பத்தரைக்கு இர்ஷாத் வந்தார். பெஷாவர்க்காரர், ஐம்பது வயது, துப்பாக்கி ரிப்பேரில் பெரிய கை. ராஸ் அல் கைமாவில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி வாங்கப் போகிறார், அவருக்காகப் பார்த்துச் சொல்ல வந்திருந்தார். அர்பாப் பெருமையாக நாற்பத்தைந்தை நீட்டினார். நானும் ஜாபரும் சுவரோரமாக நின்றோம். ஜாபர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

இர்ஷாத் குழலைப் பார்த்தார், உருளையைச் சுற்றினார், காதோரம் வைத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "அச்சா, அச்சா" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இந்தப் பிடியைப் பார். பொன்னாகப் பழுத்திருக்கிறது" என்றார் அர்பாப். சும்மா இருந்திருக்கலாம்.

இர்ஷாத் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பையிலிருந்து பஞ்சை எடுத்தார். ஒரு குப்பியிலிருந்த சோப்புத் தண்ணீரில் நனைத்தார். என்ன நடக்கப் போகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மஞ்சளில் சுண்ணாம்போ சோப்போ பட்டால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எந்தப் பொம்பளைக்கும் தெரியும். "பாய், வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் தேய்த்துவிட்டார்.

பிடி ரத்தச் சிவப்பாக மாறியது. பஞ்சும் சிவப்பு. அவர் விரலும் சிவப்பு.

"யா அல்லாஹ்! ரத்தம்!" என்று அர்பாப் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என் அப்பா யாரையும் சுட்டதில்லையே!"

இர்ஷாத் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ரத்தமெல்லாம் மாஃபி, ஒன்றும் இல்லை அர்பாப். இது ஹல்தி. சமையல் மஞ்சள். கொஞ்சம் சந்தன வாசனையும் வருகிறது." ஒரு குண்டூசியால் திருகாணியின் பள்ளத்தைச் சுரண்டிக் காட்டினார். "இதோ, குங்குமம்." அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி, அந்த அறையில் நெற்றியில் பொட்டு வைத்திருந்த ஒரே ஆளைப் பார்த்தார்.

"என் பெட்டியைத் திறந்தது யார்?" என்றார் அர்பாப்.

ஜாபர் கூரையில் விசிறி ஓடுகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். இத்தனைக்கும் எங்கள் ஆபீசில் விசிறியே கிடையாது.

"நாந்தானுங்க" என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் எங்கிருந்து வந்ததோ, அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து கொட்டிவிட்டது. "பதினோரு வருசமா நாந்தான். வருசத்துல ஒரு நாள், சோறு போடற சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சுக் கும்பிடுவோம். அது எங்க பழக்கம். திருடுலீங்க, ஒடைக்குலீங்க, கும்பிட்டேன், அவ்வளவுதான். போலீசைக் கூப்புடறதுன்னாக் கூப்புடுங்க."

"இது எனக்கே ஒருநாளும் சோறு போட்டதில்லையே" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப்போய்.

"அது போடுலீங்க. அது இருக்கற பெட்டி போட்டுச்சுங்க."

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. உம்மு ஹானி எத்தனை நேரமாக நின்றிருந்தாரோ. அரபியில் சொன்னதை ஜாபர் என் காதில் தமிழாக்கினார்: "வருசா வருசம் அக்டோபர்ல அர்பாப் கையில சந்தன வாசம் வருமாம்க்கா. எவளோ ஒருத்தி இருக்கான்னு பதினோரு வருசமா சண்ட போட்டுக்கிட்டு இருந்தாகளாம். துப்பாக்கியத்தான் தடவிக்கிட்டு இருந்தாருன்னு இப்பத்தான் தெரியுதாம்."

அர்பாப் சிரிக்கவில்லை. சிவந்த பிடியைத் தான் போட்டிருந்த நீள அங்கியின், அந்தக் கந்தூராவின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் கறை ஏறியதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்பா இறந்து பதினாலு வருடம்" என்றார். "ஒருநாள்கூட நான் இதை அவருக்காக எடுத்துத் துடைத்ததில்லை. வருகிறவனிடம் காட்டுவதற்குத்தான் எடுத்திருக்கிறேன். நீ பதினோரு தடவை எடுத்துத் துடைத்து மரியாதை செய்திருக்கிறாய். நல்லது. இனிமேல் கேட்டுவிட்டுச் செய்." பிறகு இர்ஷாத் பக்கம் திரும்பினார். "இது விற்பனைக்கு இல்லை. நாற்பத்துநாலை எடுத்துக்கொண்டு போ. யல்லா."

பதினாறு நாள், ஒரு எக்செல் ஷீட், ஒரு மணிக்கட்டுச் சுளுக்கு. விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது. இர்ஷாத் நாற்பத்துநாலைப் பார்க்க ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"முடிவாயிருச்சில்லீங்க? இனிமேலாவது என் லீவு லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க அர்பாப். புள்ளத்தாச்சிப் பொண்ணு அங்க ஒத்தையில இருக்கறா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த லெட்டர்? அதில் நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேனே. பாஸ்போர்ட்டோடு உன் ஃபைலில் வைத்தேன். தினமும் சொன்னேனே, பெட்டியில் இருக்கிறது என்று. உன்னிடம்தான் சாவி இருக்கிறதே. நீ எடுக்கவே இல்லை. தினமும் வந்து துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். ஊருக்குப் போக உனக்கு விருப்பம் இல்லையோ என்று நினைத்தேன். வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்பதற்கும் தயக்கமாக இருந்தது."

டிராயரைத் திறந்தேன். மஞ்சள் டப்பாவைத் தூக்கிச் சாவியை எடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். இரண்டாம் தட்டில் என் பெயர் எழுதிய நீல ஃபைல். உள்ளே பாஸ்போர்ட். அதன்மேல் லெட்டர். கீழே அவர் கையெழுத்து, கம்பெனி முத்திரை, பக்கத்தில் அவரே கைப்பட எழுதிய தேதி: மூன்று, பதினொன்று. முப்பது நாள் கேட்டிருந்தேன். அதை அடித்து நாற்பத்தைந்து என்று திருத்தியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் என் போன் துள்ளியது. வீடியோ கால். கல்யாணசுந்தரம்.

"ஏம்மா பத்மா, எங்க போய்த் தொலஞ்ச? எத்தன தடவ அடிக்கிறது? காத்தால எட்டு மணிக்கு வலி வந்துருச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சௌக்கியம்." அவர் முகம் அழுதழுது வீங்கியிருந்தது. இந்த மனிதர் அழுது முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. "கடைசி வரைக்கும் அம்மா அம்மான்னுதான் கத்துனா. நான் வெளிய நின்னு என்ன பண்றது? சரி, அத விடு. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றப்ப ஆரத்தி எடுக்கோணுமில்ல? மஞ்சத்தூள் எங்க வெச்சிருக்கற? டப்பாவெல்லாம் தேடிட்டேன்."

அந்த மஞ்சள் என் மேஜை டிராயரில் இருந்தது. மிச்சம் அர்பாபின் கந்தூராவில் இருந்தது.

"நான் கொண்டாறேனுங்க" என்றேன்.

போன் ரக்ஷிதாவிடம் போனது. தலை கலைந்து, உதடு வெளுத்து, பக்கத்தில் துணிச்சுருள் ஒன்று. துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது, சிவப்பாக. ஐயோ, அந்தக் கையை முதலில் தொட வேண்டியவள் நான்.

"ம்மா" என்றாள். "இன்னைக்காவது அந்த ஆளு கையெழுத்துப் போட்டாரா?"

லெட்டர் என் இடது கையில் இருந்தது.

"இப்பத்தான் கண்ணு போட்டாரு."

"ரெண்டு வாரம் முன்னால போட்டிருந்தா கொறஞ்சா போயிருப்பாரு? கல்நெஞ்சக்காரன்மா அவன்."

"ஆமாங் கண்ணு" என்றேன்.

அர்பாப் எதிரே வந்து நின்றிருந்தார். போனில் தெரிந்த குழந்தையை எட்டிப் பார்த்து மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"மகள் என்ன சொல்கிறாள்?"

"உங்களுக்கு நன்றி சொல்றாளுங்க."

"நன்றி எதற்கு? கேட்ட அன்றைக்கே போட்டுவிட்டேன் என்று சொல்."

"என்னம்மா சொல்றாரு அந்த ஆளு?" என்றாள் ரக்ஷிதா.

"புள்ளைய வாழ்த்தறாரு" என்றேன். லெட்டரை நாலாக மடித்தேன், தேதி உள்பக்கம் போகிற மாதிரி. கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன்.